போகும் ரயிலுக்குப் பழைய வண்ணம்

43206 என்ற எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மாறி 43006 ஆனது. 2019-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், எல்.என்.இ.ஆர். என்ற பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் தன் பழைய இன்டர்சிட்டி 125 ரயில்களுக்கு விடைகொடுத்தபோது நடந்தது இது. ஒரு முழு ரயிலையும் நீலம், சாம்பல், மஞ்சள் என்று 1970-களின் நிறத்துக்குத் திருப்பினார்கள். முன்னும் பின்னும் இருந்த எஞ்சின் பெட்டிகளில், அவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த எண்களையே மறுபடியும் எழுதினார்கள். 43312-உம் 43112 ஆயிற்று. டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கும் லண்டனுக்கும் இடையே நான்கு நாள் பிரியாவிடைப் பயணம். அத்தோடு சரி.

அந்த ஒற்றை இலக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஓய்வுபெறப் போகும் ரயிலுக்கு அதன் இளமைக்கால வண்ணத்தைப் பூசி அனுப்பும் வழக்கம் இன்று பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. வேறு நாடுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிறது. ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள். தினமும் அதே ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலர், காசைக் கரியாக்கும் வேலை என்கிறார்கள். கழிவறைக் கதவு சரியாகச் சாத்தாத ரயிலுக்கு வெளியே எதற்குப் புதுப் பூச்சு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

செலவிலிருந்தே தொடங்கலாம். ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிப்பது சுவருக்கு அடிப்பது போன்ற வேலையல்ல. நாற்பது ஆண்டு ஓடிய எஃகுப் பெட்டியின் பக்கவாட்டில், சன்னல் மூலைகளிலும் கதவுக்கு அடியிலும் துரு உட்கார்ந்திருக்கும். அதைச் சுரண்டி, தகடு போன இடத்தை வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகுதான் நிறத்தின் பேச்சே வரும். பழைய வண்ணங்களில் பட்டைகள் அதிகம். ஒவ்வொரு நிறம் காய்ந்த பிறகும் டேப் ஒட்டி மறைத்து அடுத்ததை அடிக்க வேண்டும். ஒரு பெட்டியின் பட்டையும் அடுத்த பெட்டியின் பட்டையும் ஒரே உயரத்தில் சேராவிட்டால் முழு ரயிலும் கோணலாகத் தெரியும். அத்தனை நாளும் அந்த ரயில் பணிமனைக்குள் நிற்கிறது. ஒரு பைசா சம்பாதிப்பதில்லை.

ஆனால் எந்த ரயிலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எப்படியும் பூசித்தான் ஆக வேண்டும். அழகு அதில் பாதி. மீதிப் பாதி துருவைத் தடுப்பது. அந்த முறை வரும்போது நடப்பு நிறத்துக்குப் பதிலாகப் பழைய நிறத்தை அடித்தால், கூடுதல் செலவு எழுத்து அச்சுகளுக்கும் நிறக் கலவைக்கும்தான். கையிருப்பில் இல்லாத நிறம் என்பதால் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவே. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஓய்வு தேதி நெருங்கிவிட்ட ரயிலுக்கு எந்தப் பராமரிப்பு அதிகாரியும் புதுப் பூச்சுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். போகிற ரயிலுக்கு எதற்கு என்று விட்டுவிடுவார். ஆகவே கடைசி மாதத்தில் அடிக்கும் பூச்சு முழுக்க முழுக்க விழாச் செலவு. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அடித்திருந்தால் அதே வேலை வழக்கமான பராமரிப்புக் கணக்கில் போயிருக்கும். இந்த விவாதத்தில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

வினைல் ஒட்டினால் மலிவு என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் உடலுக்கு அது சரி. துருப்பிடித்து மேடுபள்ளமான தகட்டில் வினைல் நிற்காது. நின்றாலும் பிய்க்கும்போது அடியில் இருக்கும் பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

இனி உண்மையைப் பற்றிய கேள்வி. பழைய நிறம் பூசிய ரயில் பழைய ரயில்தானா?

இன்டர்சிட்டி 125-இன் வண்ணத்துக்கே ஒரு சுவையான பிறப்புக் கதை உண்டு. வடிவமைப்பாளர் கென்னத் கிரேஞ்சை பிரிட்டிஷ் ரயில்வே அழைத்தது, புது ரயிலுக்கு நிறம் தீர்மானித்துத் தர மட்டுமே. அவருக்கு அந்த ரயிலின் முகமே பிடிக்கவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் தானாகவே மாதிரிகளை வைத்துச் சோதித்து, இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கூர்மூக்கை வரைந்துகொண்டு போய் நீட்டினார். வண்ணம் பூசக் கூப்பிட்ட ஆள் முகத்தையே மாற்றிக் கொடுத்துவிட்டார். 1976 அக்டோபரில் லண்டன் பேடிங்டனிலிருந்து பிரிஸ்டல், தெற்கு வேல்ஸ் பக்கம் அந்த ரயில்கள் ஓடத் தொடங்கின. மணிக்கு 125 மைல், அதாவது சுமார் 200 கிலோமீட்டர். மூக்கிலிருந்து பக்கவாட்டு வரை இழுத்த மஞ்சள், அந்த வடிவத்தோடு ஒன்றாகவே பிறந்தது என்பதால், அந்த நிறம் திரும்பும்போது மக்கள் நெகிழ்வதில் வியப்பில்லை.

ஆனால் நிறம் திரும்பியபோது சத்தம் திரும்பவில்லை. அந்த ரயிலின் பழைய எஞ்சின் பேக்ஸ்மன் வேலன்டா. புறப்படும்போது அதன் டர்போ எழுப்பும் கிறீச்சொலி நிலையத்தின் கூரைவரை கேட்கும். 2000-களின் நடுவிலிருந்து அவற்றைக் கழற்றி, ஜெர்மனியின் எம்.டி.யு. எஞ்சின்களைப் பொருத்தினார்கள். எரிபொருள் மிச்சம், புகை குறைவு, பழுதும் குறைவு. செய்ய வேண்டிய மாற்றம்தான். கிழக்குக் கடற்கரைப் பாதையில் எஞ்சின் மாற்றியவற்றை அடையாளம் காண எண்ணோடு 200-ஐக் கூட்டினார்கள். 43006 அப்படித்தான் 43206 ஆனது. இப்போது தொடக்கத்தில் சொன்ன ஒற்றை இலக்கத்தைப் பாருங்கள். அதை மாற்றி எழுதியதன் மூலம், உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு என்பதற்கு வெளியே எழுதியிருந்த சாட்சியையும் அழித்துவிட்டார்கள். பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இதை வரலாற்று மீட்பு என்று சொல்லிக்கொண்டால் மட்டும் எனக்கு உறுத்துகிறது. வரலாற்று மீட்பு எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேறிடத்தில் இருக்கிறது. 125 குரூப் என்ற ஆர்வலர் அமைப்பு, 1972-இல் உருவான முன்மாதிரி எஞ்சின் பெட்டியான 41001-இல் வேலன்டா ஒன்றைப் பொருத்தி, அந்தக் கிறீச்சொலியோடு மறுபடி ஓடவைத்தது. அதற்குப் பட்ட பாடு வேறு. பெயின்ட் டப்பாவோடு முடிந்த வேலையல்ல.

ஜப்பானில் இந்த நெகிழ்ச்சி இன்னும் தாராளம். 200 வரிசை ஷின்கான்சென் 1982-இல் தோஹொக்கு பாதையில் தந்தநிறத்தில் பச்சைப் பட்டையோடு ஓடத் தொடங்கியது. பிற்பாடு பல ரயில்களைப் புதுப்பித்து, முன்கண்ணாடியை வளைவாக்கி, நீலமும் வெள்ளையுமாக மாற்றினார்கள். அவற்றில் கே47 என்ற தொடரை 2007-இல் பழைய பச்சைக்குத் திருப்பினார்கள். வளைந்த கண்ணாடியோடு பச்சைப் பட்டை என்ற அந்தச் சேர்க்கை 1982-இல் எங்கும் இருந்ததில்லை. இருந்தும் 2013-இல் அந்த வரிசை விடைபெறும் வரை அதற்கு இருந்த வரவேற்பு குறையவில்லை. ஜே.ஆர். கிழக்கு என்ற ரயில் நிறுவனம் அடுத்த படிக்கே போனது. ஜப்பானிய ரயில்வேயின் 150-ஆம் ஆண்டையொட்டி 2022-இல், இ2 வரிசை ரயில் ஒன்றுக்கு அதே 200 வரிசையின் பச்சையை அடித்தது. இ2 தன் வாழ்நாளில் அந்த நிறத்தை அணிந்ததே இல்லை. அது 200 வரிசைக்கு அடுத்த தலைமுறை. அமெரிக்காவில் நியூயார்க்கின் மெட்ரோ-நார்த் தன் 40-ஆம் ஆண்டான 2023-இல் தொடங்கி, மாற்றப்படவிருக்கும் தன் பி32 எஞ்சின்களுக்கு கான்ரெயில், பென் சென்ட்ரல் என்ற பழைய நிறுவனங்களின் நிறங்களைப் போட்டது. அந்த எஞ்சின்கள் 1990-களில் கட்டப்பட்டவை. பென் சென்ட்ரல் 1976-லேயே போய்விட்டது. கான்ரெயிலும் 1983-இல் பயணிகள் சேவையைக் கைவிட்டுவிட்டது.

ஆக இவற்றை வேடம் என்றே சொல்லலாம். வேடம் கட்டுவதில் தவறில்லை. கூத்தில் வருகிறவர் உண்மையான துரியோதனன் அல்ல என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதுதான் இது சிக்கலாகிறது.

43002 என்ற இன்டர்சிட்டி 125 எஞ்சின் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் ஜி.டபிள்யூ.ஆர். ரயில் நிறுவனம் 2016-இல் அதற்குத் தொடக்ககால நீல-மஞ்சளைப் பூசி, கென்னத் கிரேஞ்சின் பெயரையே வைத்தது. 2019-இல் அது யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று அங்கே நிற்கும் 43002-ஐப் பார்க்கும் சிறுவன் 1976-ஐப் பார்ப்பதாக நினைப்பான். ஆனால் அந்தப் பெட்டி தன் நாற்பத்துச் சொச்ச ஆண்டில் நீல-மஞ்சளில் இருந்தது தொடக்கத்தில் சில ஆண்டுகள், முடிவில் மூன்று ஆண்டுகள். நடுவில் நீண்ட காலம் வேறு வேறு நிறங்கள். 2005-இல் பல்கலைக்கழகத்துக்கு அதே ரயிலில் போய்வந்த ஒருத்திக்கு, அவளுடைய ரயில் கரும் ஊதா-நீலத்தில் இருந்தது. அவளுடைய நினைவைச் சுரண்டித் தேய்த்துவிட்டு, அவளுடைய அப்பாவின் நினைவைப் பூசியிருக்கிறார்கள்.

எந்தக் காலத்தை மீட்பது என்பதை முடிவு செய்யும் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். அவர்கள் பத்து வயதில் பார்த்த நிறமே பாரம்பரியம் என்ற பெயரைப் பெறுகிறது. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் தேர்ந்தெடுக்கப்படும் ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள்.

இதற்கு மாற்றும் ஜப்பானில்தான் கிடைக்கிறது. ஒகயாமாவுக்கும் இசுமோவுக்கும் இடையே மலைகளைக் குறுக்கே கடந்து ஓடும் யாகுமோ விரைவு ரயிலில், 1982 முதல் 381 வரிசை ரயில்கள் ஓடின. அவற்றை மாற்றும் காலம் நெருங்கியபோது ஜே.ஆர். மேற்கு ஒரே ஒரு பழைய நிறத்தோடு நிற்கவில்லை. 2022 மார்ச்சில் தேசிய ரயில்வே காலத்துப் பாலேட்டு நிறமும் சிவப்பும். 2023 பிப்ரவரியில் 1990-களின் ஊதா. அதே ஆண்டு நவம்பரில் அதற்கடுத்து வந்த பச்சை. கடைசிக்காலத்தில் நடப்பு நிறத்தோடு சேர்த்து நான்கு தலைமுறை யாகுமோவும் ஒரே தண்டவாளத்தில் போய்வந்தன. தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று. எந்த நினைவையும் அழிக்காமல் இன்னொன்றைக் கொண்டுவர முடியும் என்று அந்த நிறுவனம் காட்டியது. ஜி.டபிள்யூ.ஆர். கூட 43002-ஐத் தவிர 43185-க்கு 1980-களின் இன்டர்சிட்டி நிறத்தைப் பூசியிருந்தது. அது பாராட்டத் தக்கது.

யாகுமோ இன்னொரு உண்மையையும் சொல்கிறது. 381 வரிசை, வளைவுகளில் ஊசல்போல் தானே சாயும் ரயில். மலைப்பாதையில் வேகம் கூடியது. பயணிகளுக்குத் தலையும் சுற்றியது. வாந்தி எடுக்கப் பை வைத்திருந்த ரயில் அது. 2024 ஏப்ரலில் வந்த 273 வரிசையில், வரப்போகும் வளைவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சாயும் ஏற்பாடு இருக்கிறது; மயக்கம் குறைய வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. அந்த ஜூனில் 381-இன் வழக்கமான சேவை முடிந்தது. மலைச்சரிவில் கேமராவோடு நின்றவர்களுக்குப் பாலேட்டு-சிவப்பு ரயில் கனவுக் காட்சி. உள்ளே உட்கார்ந்து பையைத் தேடியவருக்கு அது எந்த நிறத்தில் இருந்தால் என்ன? பழைய ரயிலை நேசிப்பவர்கள் பல நேரங்களில் அதற்கு வெளியே நின்றே நேசிக்கிறார்கள்.

வெளியே நிற்பவர்களால் வரும் தொல்லையும் உண்டு. கடைசி ஓட்டம் என்று தேதி குறித்து அறிவித்தால் கூட்டம் அந்த ஒரு நாளில் குவிகிறது. ஜப்பானில் படமெடுக்கத் தண்டவாளத்துக்குள் புகுந்து ரயில்களை நிற்கவைத்திருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற நீராவி எஞ்சின் சீரமைப்புக்குப் பின் யார்க்குக்கு ஓடியபோதும் இதே கதைதான். பாதையில் ஆள் நின்றதால் ரயில் நின்றது.

இங்கேயும் காலமே மருந்து. கே47 ஆறு ஆண்டு பச்சையில் ஓடியது. நாளை வரும், அடுத்த வாரமும் வரும் என்று தெரிந்த ரயிலுக்காக யாரும் வேலி தாண்டுவதில்லை. 43002 மூன்று ஆண்டு ஓடியது. வழக்கமான கட்டணம் கொடுத்து, வழக்கமான வேலைக்குப் போகிறவர்கள், பேடிங்டன் நடைமேடையில் எதிர்பாராமல் அதன் முன் போய் நின்றார்கள். பழைய வண்ணத்தின் உண்மையான பயன் எனக்கு இதில்தான் தெரிகிறது. ரயில் பிரியர் அந்த ரயிலை எந்த நிறத்திலும் கவனிப்பார். மற்றவர்கள், தினமும் ஏறும் ரயிலை வருடக்கணக்கில் பார்க்காமலேயே ஏறுகிறவர்கள், நிறம் மாறிய அன்றைக்குத்தான் அதை ஒரு பொருளாகப் பார்க்கிறார்கள். எப்போது கட்டியது, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எழ, ரயில் சாதாரணச் சேவையில் இருக்க வேண்டும். முன்பதிவு செய்த ஆர்வலர்கள் மட்டும் ஏறும் நான்கு நாள் சிறப்பு ரயிலில் அது எழாது. அங்கே ஏறுகிறவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும்.

முதல் ஷின்கான்செனான 0 வரிசை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1964 அக்டோபர் 1-இல் தொடங்கிய அதன் தந்தநிறமும் நீலமும் உலகமே அறிந்தது. கடைசியில் மிஞ்சிய, ஆறு பெட்டிகள் கொண்ட தொடர்கள் சாம்பலும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தன. 2008-இல் அவற்றைப் பழைய நிறத்துக்குத் திருப்பினார்கள். நவம்பர் 30-இல் வழக்கமான சேவை முடிந்தது. சில மாதங்கள்தான். ஆனால் எல்லா நிலையங்களிலும் நின்று போகும் கொடாமா சேவையில் ஓடியதால், சிற்றூர்களின் நடைமேடைக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்த வரிசையின் முகப்புப் பெட்டி ஒன்று 2001-லேயே ஜப்பானிலிருந்து யார்க் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போய்விட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதாவது அங்கே பாதுகாப்பு வேலை முதலில் முடிந்தது. வேடம் பிறகு வந்தது.

பாதுகாப்பு முதலில், வேடம் பிறகு என்ற அந்த முறை மாறும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பூச்சுக்குக் காசு ஒதுக்கி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, கேக் வெட்டி, மறுமாதமே அந்தப் பெட்டியை உடைக்கும் பட்டறைக்கு அனுப்பினால், அந்தப் பூச்சு யாருக்கு? புதுப் பெயின்டோடு உடைபடும் பெட்டியின் படங்கள் எந்த நிறுவனத்துக்கும் நல்ல விளம்பரமல்ல. இதற்கு நேர்மாறு 43102. 1987 நவம்பர் 1-இல் மணிக்கு 148.5 மைல், ஏறக்குறைய 239 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, டீசல் ரயிலுக்கான உலகச் சாதனை படைத்த எஞ்சின் பெட்டி அது. 2021 மே மாதம் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில்வே அதற்குப் பழைய எண்ணையும் இன்டர்சிட்டி நிறத்தையும் கொடுத்து விடைகொடுத்தது. கடைசி நேரப் பூச்சுதான். ஆனாலும் அது அங்கிருந்து ஷில்டன் நகரின் லோகோமோஷன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பூசிய பெயின்ட் வீணாகவில்லை.

நம் ஊரில் இது எட்டாத பேச்சு அல்ல. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பை வைத்து 1955 முதல் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை கட்டிய அந்தப் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. ஓடிக்கொண்டிருப்பவை புதுவகை எல்.எச்.பி. பெட்டிகளுக்கு இடம்விட்டு ஒவ்வொன்றாகப் போகின்றன. சில, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு கார் ஏற்றிச் செல்லும் என்.எம்.ஜி. வேன்களாகின்றன. சில, நிலைய வாசலில் ஓட்டல்களாகின்றன. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இவை அரக்கு நிறப் பெட்டிகள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு நீலப் பெட்டிகள். இரண்டு நினைவும் உயிரோடு இருக்கும் காலம் இது. பூச்சுக்குத் தனிச் செலவும் இல்லை. பி.ஓ.எச். எனும் காலமுறைப் பராமரிப்புக்காகப் பெட்டிகள் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸுக்கும் பொன்மலைக்கும் எப்படியும் வருகின்றன. அங்கே பெயின்ட் பிரிவு எப்படியும் ஓடுகிறது.

ஒரே தடை ரேக், அதாவது ஒன்றாக இணைத்து ஓட்டும் பெட்டித் தொகுதி. நம் பெட்டிகள் பழுதுக்குக் கழற்றப்பட்டு வேறு ரேக்கில் சேர்க்கப்படுபவை. அரக்கு நிறத்தில் பன்னிரண்டு பெட்டி பூசி அனுப்பினால், ஆறே மாதத்தில் நடுவில் இரண்டு நீலம் முளைத்திருக்கும். பூசிய பெட்டிகளில் ஒன்று எங்கோ வேறு மாநிலத்து வண்டியில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே தேர்ந்தெடுக்க வேண்டியது பெரிய பெயர்கொண்ட எக்ஸ்பிரஸ் அல்ல. வேறெந்த வண்டியோடும் ரேக் பகிராமல், காலையில் போய் மாலையில் அதே பணிமனைக்குத் திரும்பும் ஒரு முன்பதிவில்லாத பாசஞ்சர். பெட்டிகளுக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். பூசுவதற்கு முன்பே, அவற்றில் எந்த ஒன்று கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்று கோப்பில் எழுதிவிட வேண்டும். பாதியை அரக்கிலும் பாதியை நீலத்திலும் விட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.